பழமரம் எண்ணும் வறண்ட நாட்கள்

மண்ணூர்பேட்டை, பாடி, அம்பத்தூர் வட்டாரத்தில் ஒரு கிரவுண்டு மனையில் வீடு போக மிஞ்சிய இடத்தில் மாவும் எலுமிச்சையும் வைத்திருப்பவர்களும் சரி, திருநின்றவூர், பூந்தமல்லிக்கு அப்பால் அரை ஏக்கர் வாங்கி வேலி போட்டிருப்பவர்களும் சரி, கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான்: மரம் பச்சைப்பசேலென்று தழைத்திருக்கிறது, பூ மட்டும் ஏன் வரவில்லை? உரம் போதவில்லை, ரகம் சரியில்லை, இந்த ஊர் வெயில் ஆகவில்லை என்று மூன்று பதில்கள் உடனே கிடைக்கும். மூன்றுக்கும் ஓரளவு இடம் உண்டு. ஆனால் சென்னையின் மேற்குப் புறநகரில் நன்கு வளர்ந்த ஒரு பழமரம் பூக்க மறுத்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வேண்டாத மாதத்தில் அதற்கு நாம் ஊற்றும் தண்ணீரைத்தான். இங்கே பழமரங்களுக்குப் பருவத்தை அறிவிப்பது மண் காய்வதும் நனைவதும். இதை ஏற்றுக்கொண்டால் தோட்ட வேலைகளின் வரிசையே மாறிவிடும்.

காஷ்மீரிலும் இமாசலத்திலும் ஆப்பிள் மரம் இலையுதிர்த்து உறங்கும்போது அதன் மொட்டுகளுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே எத்தனை மணி நேரம் கழிந்தது என்பதே அந்தக் கணக்கு. பழைய ஆப்பிள் ரகங்கள் பலவற்றுக்கு அது 1,000 மணி நேரத்தை ஒட்டி வந்தால்தான் வசந்தத்தில் மொட்டு ஒழுங்காக அவிழும். சென்னையிலோ நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி, அதுவும் 1895 டிசம்பரில். தை மாதத்து இரவுகள் சராசரியாக 20 டிகிரியை ஒட்டியே நிற்கின்றன. பகல் நீளத்தை எடுத்துக்கொண்டால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே இங்கே வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். மா போன்ற மரங்கள் அதைப் பொருட்படுத்துவதும் இல்லை. இப்படிப்பட்ட ஊரில் ஆண்டுக்குள் உண்மையிலேயே தலைகீழாக மாறுவது மழை ஒன்றுதான். சராசரியாகப் பெய்யும் 1,400 மில்லிமீட்டர் மழையில் கிட்டத்தட்ட 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை நேர இடிமழையாக வருகிறது. தை பிறந்தால் வைகாசி வரை வானம் தருவது மிகச் சொற்பம்.

இதை ஒரு மனைக்குள் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். ஆண்டு மழை 1,400 மில்லிமீட்டர் என்றால் அதன் மேல் விழுவது மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் லிட்டர். அதில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் லிட்டருக்கு மேல் மூன்றே மாதத்தில் இறங்குகிறது. களி கலந்த வண்டல் மண் ஒரு மீட்டர் ஆழத்தில், வேர் உறிஞ்சக்கூடிய வகையில் பிடித்து வைத்துக்கொள்வது ஏறக்குறைய 150 மில்லிமீட்டர் நீர். கட்டடமே இல்லாத வெறும் மனையென்று வைத்துக்கொண்டாலும் அது 33,500 லிட்டரைத் தாண்டாது. மீதி ஓடிவிடும், அல்லது ஆழத்துக்கு இறங்கிவிடும். மார்கழி, தை மாதங்களில் மண்ணும் இலைகளும் சேர்ந்து நாளொன்றுக்கு நான்கு மில்லிமீட்டர் வீதம் நீரை ஆவியாக்கினால், அந்தச் சேமிப்பு முப்பத்தைந்து, நாற்பது நாட்களில் தீரும். டிசம்பர் நடுவில் மழை ஓய்ந்தால் தை மாத முதல் பாதியிலேயே மேல்மண் காய்ந்திருக்கும். இது தோராயக் கணக்குதான். ஆழ வேரோடிய மா இன்னும் கீழிருந்து எடுக்கும், மேலோட்டமாக வேர் பரப்பும் எலுமிச்சை முன்னதாகவே வாட்டத்தை உணரும். இருந்தாலும் தை, மாசியில் இந்தப் பக்கத்து மரங்கள் பூக்கத் தொடங்குவதற்கும் இந்த எண்ணுக்கும் உள்ள பொருத்தத்தைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

மா இந்தச் செய்தியை எப்படிப் படிக்கிறது என்பது நன்றாக ஆராயப்பட்ட ஒன்று. மாமரத்தில் பூங்கொத்து கிளையின் நுனி மொட்டிலிருந்து புறப்படுகிறது. அதே மொட்டிலிருந்துதான் புதுத்தளிரும் வரும். மொட்டு விழிக்கும் நேரத்தில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே அந்த ஆண்டின் விளைச்சலை முடிவு செய்கிறது. புளோரிடாவில் தாமஸ் டேவன்போர்ட்டும் அவருடைய சகாக்களும் செய்த சோதனைகளில், பகலில் 18, இரவில் 10 டிகிரி என்ற குளிரில் வைத்த மாங்கன்றுகள் பூத்தன. 30, 25 டிகிரியில் வைத்தவை தளிர்த்தன. வட இந்தியத் தோப்புகளுக்கு இந்த விளக்கம் போதும். அந்தக் குளிர் எட்டிப் பார்க்காத வெப்ப மண்டலத்தில் வேறொரு காரணி முன்னுக்கு வருகிறது. அது கிளையின் வயது. கடைசியாகத் தளிர்த்த இலைகள் நான்கைந்து மாதம் முதிர்ந்திருந்தால், வெதுவெதுப்பான இரவுகளிலும் மொட்டு பூவின் பக்கம் சாயக்கூடும். நீர்ப் பற்றாக்குறை நேரடியாகப் பூவை வரவழைப்பதில்லை. இடையில் இன்னொரு தளிர் வராமல் தடுத்து, கிளை முதிர்வதற்கு அவகாசம் வாங்கித் தருவதுதான் அதன் வேலை. பிலிப்பைன்ஸ் நாட்டு விஞ்ஞானி ரமோன் பார்பா 1970-களில் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலைத் தெளித்து மாவைப் பூக்க வைத்தது உலகெங்கும் பரவிய முறை. ஒரு சதவீதக் கரைசல் இன்று தமிழ்நாட்டு விவசாயிகளுக்கும் பிப்ரவரியில் பூக்காத மரங்களுக்காகப் பரிந்துரைக்கப்படுகிறது. அந்தத் தெளிப்பும் முதிர்ந்த கிளையில்தான் பலிக்கும். இளந்தளிரில் எவ்வளவு தெளித்தாலும் பூ வராது.

அப்படியானால் மண்ணூர்பேட்டை மாமரத்தின் ஆண்டு இப்படி அமைகிறது. ஆனியில் காய் பறித்து முடியும். ஆடி, ஆவணி இடிமழையில் மரம் தளிர்க்கும். அந்தத் தளிர் தை வரும்போது ஐந்து மாதம் முதிர்ந்திருக்கும். இது தடையின்றி நடந்தால் பூ நிச்சயமென்றே சொல்லலாம். கெடுப்பது எது? ஐப்பசி, கார்த்திகையில் மழை ஈரத்தோடு நைட்ரஜன் உரமும் சேர்ந்து கிடைத்தால் மரம் இன்னொரு முறை தளிர்க்கும். கிளையின் வயது மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். தையில் அந்தக் கிளை இரண்டு மாதக் குழந்தை. மழையை நிறுத்த நம்மால் முடியாது. உரத்தைக் காய் பறித்த கையோடு, ஆடி மழையிலேயே போட்டு முடித்துவிடலாம். மழை ஓய்ந்தபின் மார்கழியிலும் தையிலும் குழாயைத் திறக்காமல் இருக்கலாம். கவாத்து செய்வதானாலும் ஆடிக்குள் முடித்தால் வெட்டிய இடத்தில் வரும் துளிருக்கு முதிர நேரம் கிடைக்கும். புரட்டாசிக்குப் பிறகு கத்தரிக்கோலை எடுப்பது அந்த ஆண்டுப் பூவை வெட்டுவதற்குச் சமம்.

இங்கே ஒருவர் நியாயமாகவே மறுக்கலாம். மார்கழி, தையில் மண் காய்வது மட்டுமா நடக்கிறது, இரவுகளும் குளிர்கின்றனவே. பூ குளிரால் வந்ததா, காய்ச்சலால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது? சென்னையை மட்டும் பார்த்தால் பிரிப்பது கடினம். இரண்டும் ஒரே நேரத்தில் வருகின்றன. ஆகவே இரண்டும் ஒன்றாக வராத இடத்தைப் பார்க்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் நீலம் மா ஆண்டில் ஒருமுறைக்கு மேல் பூத்துக் காய்க்கிறது. அங்கே இரவுக் குளிர் சென்னையைவிட அதிகமில்லை. ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் ஏறத்தாழ ஈடாகப் பெய்து, நடுவில் இடைவெளி விடுகின்றன. குளிர்தான் ஒரே திறவுகோல் என்றால் அங்கே மா இரண்டாம் முறை பூக்கக் காரணமில்லை. மேற்குப் புறநகரில் ஒரு குளிர்ந்த தை மாதம் பூவைக் கூட்டித் தரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் குளிர் நம் கையில் இல்லை, குழாய் நம் கையில் இருக்கிறது.

எலுமிச்சையில் நீரின் பங்கு இன்னும் நேரடியானது. எலுமிச்சைக் குடும்பத்து மரங்கள் நீரின்றி வாடும்போது வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன. மீண்டும் நீர் கிடைத்ததும் துளிரோடு பூவையும் சேர்த்துத் தள்ளுகின்றன. இத்தாலியின் சிசிலித் தீவில் இதை ஒரு தொழிலாகவே செய்தார்கள். ஜூன், ஜூலையில் தண்ணீரை அறவே நிறுத்தி, இலை சுருளும் வரை மரத்தை வாட்டி, பிறகு உரமிட்டுத் தாராளமாகப் பாய்ச்சுவார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் மரம் பூத்து, விலை கூடிய அடுத்த கோடையில் பச்சை எலுமிச்சை தரும். மகாராஷ்டிர ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை விவசாயிகள் பஹார் என்று சொல்லிச் செய்வதும் இதே முறைதான். ஜனவரியை ஒட்டிப் பூக்கச் செய்வது அம்பே பஹார், ஜூனில் மிருக் பஹார், செப்டம்பர், அக்டோபரில் ஹஸ்த பஹார். மூன்றாவதற்கு நல்ல விலை கிடைக்கும், ஏனென்றால் காய் கோடையில் வருகிறது. சித்திரையில் எலுமிச்சை விலை ஏறும்போது நம் தோட்டத்தில் காய் இல்லையே என்று வருந்துபவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. பூத்துக் காய் பறிக்க ஐந்தாறு மாதம் ஆகும். சித்திரைக் காய்க்கு ஐப்பசி, கார்த்திகையில் பூ வேண்டும். அதற்குப் புரட்டாசியில் மண் காய வேண்டும். சென்னையின் வானம் அதற்கு இடம் தருவதில்லை. கைகூடுவதைச் செய்யலாம். தையில் நீரை நிறுத்தி மாசி நடுவில் கொடுத்தால் ஆவணியை ஒட்டி ஒரு காய்ப்பு கிடைக்கும். கத்திரி வெயிலில் காய்ந்த மண்ணில் ஆனி மழை விழும்போது மரம் தானாகவே இன்னொரு முறை பூக்கும், அது கார்த்திகை, மார்கழிக்கு வரும்.

வாட்டுவதற்கும் அளவு உண்டு. களிமண்ணில் மூன்று, நான்கு வாரம். மணல் கலந்த மண்ணில் அதில் பாதி. நடுப்பகலில் இலை தொய்ந்து மாலையில் நிமிர்ந்தால் இன்னும் காத்திருக்கலாம். மாலையிலும் நிமிராமல் ஓரிரு இலைகள் உதிரத் தொடங்கினால் அன்றே நீர் கொடுக்க வேண்டும். அதையும் முதல் தடவை மிதமாக, நான்கைந்து நாள் கழித்து நிறைவாக. பூ காயாக மாறிய பிறகு கணக்கு முழுவதும் வேறு. பட்டாணி அளவு காய் நிற்கத் தொடங்கிவிட்டால் நீர் ஒரே சீராகப் போக வேண்டும். அப்போது வாடவிட்டால் பிஞ்சு கொட்டும்; வாடவிட்டுப் பிறகு திடீரென்று கொட்டினால் எலுமிச்சையும் மாதுளையும் தோல் வெடிக்கும். சொட்டுநீர் போட்டால் விளைச்சல் கூடுகிறதே, நீரை நிறுத்தச் சொல்வது அதற்கு முரண் இல்லையா என்ற கேள்விக்கும் பதில் இதில் இருக்கிறது. சொட்டுநீர் காய் பெருக்கும் மாதங்களுக்கானது. பூவுக்கு முந்தைய சில வாரங்களில் அதன் திருகுக் குழாயை மூடி வைப்பதும் அதே பாசன முறையின் ஒரு பகுதிதான்.

இந்த வெயிலில் நீரை நிறுத்தினால் மரம் செத்துவிடாதா என்ற அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. 2003 மே 31 அன்று இந்த நகரம் 45 டிகிரியைத் தொட்டது. ஆனால் இங்கே சொல்லும் வாட்டம் தை, மாசிக்கு உரியது, அப்போது பகல் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். சித்திரை, வைகாசியில் யாரும் மரத்தை வேண்டுமென்றே வாட்டக் கூடாது. தரையில் நட்டு மூன்று ஆண்டு தாண்டாத ஒட்டுக்கன்றுக்கும் இது பொருந்தாது. அது வேர் விடும் வயது, பூ வந்தாலும் கிள்ளிவிட வேண்டிய வயது. மாடித் தோட்டத்து டிரம்மில் நிற்கும் எலுமிச்சைக்கு வாரக் கணக்கு நாள் கணக்காகச் சுருங்கும். நூறு லிட்டர் மண் மொட்டை மாடி வெயிலில் நான்கு நாளில் காய்ந்துவிடும்.

குளிரைக் கேட்காத ஆப்பிள் வந்துவிட்டதே, ஒட்டுக்கன்று சென்னை நர்சரிகளிலேயே கிடைக்கிறதே என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இமாசலத்தில் ஹரிமன் சர்மா என்ற விவசாயி உருவாக்கிய எச்ஆர்எம்என்-99 போன்ற ரகங்கள் குறைந்த குளிரில் காய்ப்பது உண்மை. இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் பாத்து நகரைச் சுற்றி, பூமத்திய ரேகைக்கு அருகிலேயே ஆப்பிள் விளைகிறது. காய் பறித்ததும் எல்லா இலைகளையும் கையால் உருவிவிடுகிறார்கள். உறக்கத்துக்குள் போகும் முன்பே மொட்டு விழித்துப் பூக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை ஆண்டு முழுவதும் கிடைப்பதும் இதற்கு உறவான ஒரு வித்தைதான், அங்கே குளிருக்குப் பதில் கவாத்து வேலை செய்கிறது. இவை நல்ல சான்றுகள், என் வாதத்துக்கும் உதவுகின்றன: தாவரத்துக்கு வேண்டியது நின்று தொடங்க ஒரு அறிகுறி, அதைக் குளிர்தான் தர வேண்டும் என்றில்லை. ஆனால் பாத்து நகரம் கடல் மட்டத்துக்கு எழுநூறு மீட்டருக்கு மேல் இருக்கிறது; கம்பம் மலை மறைவில் ஓரளவு வறண்டு இருக்கிறது. மண்ணூர்பேட்டையின் கார்த்திகை ஈரத்தில் திராட்சை இலையை அடிச்சாம்பல் நோய் விட்டுவைக்காது. ஆப்பிள் ஒன்றிரண்டு காய்க்கலாம். ஒரு கிரவுண்டில் இருக்கும் கொஞ்ச இடத்தை அதற்குக் கொடுப்பது, அந்த இடத்தில் நூற்றுக்கணக்கில் காய்க்கக்கூடிய கொய்யாவை இழப்பது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வறட்சியை மரம் எண்ண வேண்டுமானால் முதலில் மழைக்காலத்தைத் தாண்டி அது உயிரோடு இருக்க வேண்டும். மேற்குப் புறநகரில் இதுதான் பெரிய சவால். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் நீர் போகும் சரிவு இது. முன்பு இந்த ஏரிகளின் பாசனத்தில் நெல் விளைந்த களிமண் நிலம். 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்த பிறகு வயல்கள் மனைகளாயின. மனையைச் சாலை மட்டத்துக்கு உயர்த்தச் சவுடும் கட்டட இடிபாடும் கொட்டினார்கள். மேலே இறுகிய சவுடு, கீழே நீர் இறங்காத களி. இதற்குள் ஒரு குழி தோண்டிக் கன்றை வைத்தால், மழைக்காலத்தில் அந்தக் குழியே தொட்டியாகிவிடும். வேருக்கும் மூச்சு உண்டு. மண் துளைகளில் காற்று இருக்கும் இடத்தை நீர் பிடித்துக்கொண்டால், ஆக்சிஜன் பரவும் வேகம் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. பப்பாளி இரண்டு மூன்று நாள் தேங்கிய நீரிலேயே அழுகிப் போகும். எலுமிச்சையில் அடித்தண்டுப் பட்டை பிளந்து பிசின் வடியும். பலாவும் சீத்தாவும் தாங்காது. நாவலும் கொய்யாவும் ஜம்புவும் ஓரளவு தாங்கும். சப்போட்டாவைப் பாலை மரத்தின் வேரில் ஒட்டுவது தமிழ்நாட்டில் பழகிய முறை. பாலை இந்தக் கடற்கரைச் சமவெளியின் வறண்ட பசுமைக் காட்டு மரம், நம் நீண்ட கோடை அதற்குப் பழகியது. கன்று வாங்கும்போது எந்த வேரில் ஒட்டியது என்று கேட்பது, ரகத்தின் பெயரைக் கேட்பதைவிட முக்கியம்.

ஆகவே இங்கே குழிக்குப் பதில் மேடு. ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் நான்கைந்து அடி அகலத்துக்கு மண்ணும் மக்கிய எருவும் கலந்து மேடு கட்டி அதன் மேல் நட வேண்டும். மேட்டைச் சுற்றி ஓடும் வாய்க்கால் தெருப்பக்கம் சரிய வேண்டும். நடவு எப்போது? ஆடி என்பதே பலரும் சொல்வது, மேட்டில் நட்டால் அது சரி. ஐப்பசி மழைக்கு முன் மூன்று மாதம் வேரூன்ற நேரம் இருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் காட்டியதைப் போன்ற காற்றுக்குப் புதுக்கன்றை முட்டுக் கொடுத்துக் கட்டி வைத்தால் போதும். பப்பாளிக்கு மட்டும் ஆடி வேண்டாம். தையில் நட்டால் அடுத்த மழைக்குள் அது காய்த்திருக்கும், மழையில் போனாலும் நட்டமில்லை.

கடைசியாக ஒரு மறுப்பு மிச்சம் இருக்கிறது, எனக்கு மிகவும் வலுவானதாகப் படுவது. மழையே ஒழுங்காக இல்லாதபோது மாதக் கணக்கு எதற்கு? 2015 நவம்பரில் மட்டும் சென்னையில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. 2018-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2019 ஜூனில் புழலும் செம்பரம்பாக்கமும் தரை தட்டின. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் புறநகரை நாள் கணக்கில் மூழ்கடித்தது. காலண்டரை நம்பித் தையில் நீரை நிறுத்தியவர், மழை மார்கழிக் கடைசி வரை நீண்ட ஆண்டில் ஏமாறுவார். இந்த மறுப்பு மாதப் பெயர்களுக்குப் பொருந்தும், அடிப்படைக்குப் பொருந்தாது. மரம் நம் காலண்டரைப் பார்ப்பதில்லை. கடைசி நல்ல மழையிலிருந்து எத்தனை வறண்ட நாட்கள் என்பதைத்தான் உணர்கிறது. நாமும் அங்கிருந்தே எண்ணலாம். வேர்ப்பகுதியில் ஒரு அடி ஆழத்து மண்ணைக் கையில் பிடித்து உருட்டினால் உருண்டையாகிறதா, உதிர்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். மழை பொய்த்த ஆண்டில் காத்திருக்கும் நாளைக் குறைத்து, காய் பிடித்ததும் இருக்கும் நீரை மூடாக்கு போட்டுச் சிக்கனமாகக் கொடுக்கலாம்.

இந்தப் பகுதி வீடுகளில் பூவுக்கு எதிராக மறைவாக வேலை செய்யும் நீர் ஒன்று உண்டு. சமையலறை, குளியலறைத் தண்ணீரையும் ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் நீரையும் ஒரு குழாய் வழியே தோட்டத்து மாவுக்கோ எலுமிச்சைக்கோ விட்டுவிடுகிறார்கள். வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அதனால் அந்த மரத்துக்கு 365 நாளும் மழைக்காலம். மண் ஒருபோதும் காயாது. ஆர்ஓ கழிவில் போர் நீரின் உப்பு இன்னும் செறிந்து வரும், சோப்பில் சோடியம் வரும். எலுமிச்சை இலை நுனி கருகுவதற்கு அதுவே போதும். கை கழுவிய, காய் கழுவிய தண்ணீர் போக வேண்டிய இடம் வாழை. வாழை வறண்ட நாளை எண்ணுவதில்லை. வேண்டிய அளவு இலை விட்டு முடித்ததும், எந்த மாதமாக இருந்தாலும் தார் தள்ளும், இடையில் நீர் குறைந்தால் தாமதமாகும், தார் சிறுக்கும். மாவிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, மனையின் தாழ்ந்த ஓரத்தில் இரண்டு வாழைக் குத்து வைத்து அந்தக் குழாயை அங்கே திருப்பிவிட்டு, ஆர்ஓ கழிவைத் தனியாகப் பிரித்துத் தரை கழுவ எடுத்துக்கொண்டால், மாமரத்தடி மண் முதல் முறையாகக் காயத் தொடங்கும்.